நிலையியலை எதில் தொடங்குவது, எப்போது படிப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கலோ செட்டிக்கரைக் கல்லூரியில் சிவிலோ சீட் உறுதியானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "காலேஜ் திறக்கிற வரைக்கும் என்ன படிக்கலாம்?" என்பதுதான். பைத்தான் கற்றுக்கொள், ஆட்டோகேட் வகுப்பில் சேர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டும் நல்லவைதான். ஆனால் இந்த இரு துறைகளிலும் பின்னால் வரும் பாடங்களில் பெரும்பாலானவை நிலையியலின் மேல்தான் நிற்கின்றன. அசையாமல் இருக்கும் ஒரு பொருளின் மேல் எந்தெந்த விசைகள், எந்தத் திசையில், எவ்வளவு அளவில் செயல்படுகின்றன என்று கண்டுபிடிப்பது மட்டுமே அதன் வேலை. அந்த விடையைக் கையில் வாங்கிக்கொண்டுதான், அந்த விசைகளைப் பொருள் தாங்குமா என்று பார்க்கும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் தொடங்குகிறது. பீமின் (உத்தரத்தின்) முனைகளில் கிடைக்கும் எதிர்விசை தப்பினால் அதை வெட்டப் பார்க்கும் விசையைக் காட்டும் ஷியர் ஃபோர்ஸ் படம் தப்பும், அதை வளைக்கப் பார்க்கும் விளைவைக் காட்டும் பெண்டிங் மொமென்ட் படம் தப்பும், கடைசியில் அந்த பீமுக்குப் போடும் கம்பியின் கணக்கும் தப்பும்.

எதை வைத்துப் படிப்பது என்பதற்கு நம் பக்கத்து மாணவர்களுக்கு ஐந்து வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: பதினொன்றாம் வகுப்புப் பாடநூல், தேர்வு கைடும் டியூஷனும், பல்கலைக்கழகத் தரத்திலான தடித்த பாடநூல், ஐ.ஐ.டி. வகுப்புகளைத் தரும் என்.பி.டி.இ.எல். வீடியோ, வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனைகள். எது மலிவு, எது சுலபம் என்று பார்ப்பதைவிட, வெற்றுத் தாளில் விசைப்படத்தை, அதாவது பொருளைத் தனியே வரைந்து அதன் மேலுள்ள விசைகளை அம்புக்குறியால் காட்டும் படத்தை, நம்மையே வரைய வைக்கும் வழி எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. ஒரு தளத்தில் அடங்கும் கணக்குக்கு மொத்தமே மூன்று சமன்பாடுகள்தான். கிடைமட்ட விசைகளின் கூடுதல் சுழி, செங்குத்து விசைகளின் கூடுதல் சுழி, ஏதாவது ஒரு புள்ளியைப் பற்றிய திருப்புத்திறன்களின் (விசைகள் பொருளைத் திருப்பும் அளவு, மொமென்ட்) கூடுதல் சுழி. மனப்பாடம் செய்ய இதற்கு மேல் அதிகமில்லை. எந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுப்பது, அதைத் தொட்டுக்கொண்டிருந்தவற்றை எடுத்துவிட்டு அந்த இடங்களில் எந்த விசைகளை வைப்பது என்று முடிவெடுப்பதில்தான் மாணவர்கள் திணறுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். கிரானைட்டுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரேன் பிளாக்கைத் தூக்குவது எல்லோரும் பார்த்த காட்சிதான். கிரானைட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,700 கிலோ இருக்கும். 2.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள பிளாக் 3 கன மீட்டர், அதாவது 8,100 கிலோ. இதை 9.81 ஆல் பெருக்கினால் எடை சுமார் 79.5 கிலோநியூட்டன். ஒரே கொக்கியிலிருந்து இரண்டு ஸ்லிங்குகள் (தூக்கும் கயிறுகள்) சமமாக இறங்கி பிளாக்கின் இரு பக்கமும் பிடிக்கின்றன. பிளாக்கைத் தனியே வரைந்தால் கீழ்நோக்கி 79.5, மேலே சாய்வாக இரண்டு இழுவிசைகள். ஸ்லிங் கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 45.9 கிலோநியூட்டன் வரும். 45 டிகிரிக்கு 56.2. 30 டிகிரிக்கு ஒவ்வொரு ஸ்லிங்கும் பிளாக்கின் முழு எடையான 79.5ஐத் தாங்க வேண்டும். 15 டிகிரிக்குப் படுத்துவிட்டால் 153.6, அதாவது எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதே கணக்கில் கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து 60 டிகிரி என்று கொடுத்துப் பாருங்கள். "கிடைமட்டத்துக்கு கொசைன், செங்குத்துக்கு சைன்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர் யோசிக்காமல் சைன் 60 போட்டு 45.9 என்று எழுதுவார். உண்மை விடை 79.5. தாளில் அது இரண்டு மதிப்பெண் பிழை. குவாரியில் அந்த விடையை நம்பி ஸ்லிங் வாங்கினால், 46 தாங்கும் என்று எடுத்த ஸ்லிங்கில் 79.5 ஏறும். கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது என்று படத்தில் வளைகோடு போட்டுக் குறிக்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை வராது. அந்தப் பழக்கம் வர, படத்தை நாமே வரைய வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்

பலர் தாண்டிப் போகும் வழி இது. முதலில் எடுக்க வேண்டியதும் இதுவே. தமிழ்நாடு பாடநூலில் 2-ஆம் அலகில் வெக்டரும் கூறுகளும், 3-ஆம் அலகில் தனித்த பொருள் விசைப்படம், லாமி தேற்றம் (ஒரு புள்ளியில் சந்திக்கும் மூன்று விசைகளின் சமநிலை விதி), உராய்வு, 5-ஆம் அலகில் திருப்பு விசை, இரட்டை, சமநிலை, நிறை மையம் ஆகியவை இருக்கின்றன. இவற்றோடு கணிதப் பாடநூலின் முக்கோணவியலையும் வெக்டர் இயற்கணிதத்தையும் சேர்த்தால் நிலையியலின் எலும்புக்கூடு முழுதும் கிடைத்துவிடும். தமிழ்வழியில் படித்தவருக்கு மொழித் தடையும் இல்லை, செலவும் இல்லை.

குறைகளும் உண்டு. இந்தப் புத்தகத்தில் சப்போர்ட் (தாங்கல்) வகைகள் வராது. ரோலர் என்றால் பரப்புக்குச் செங்குத்தாக ஒரே ஒரு விசை, ஹிஞ்ச் என்றால் இரண்டு, ஃபிக்ஸட் என்றால் இரண்டு விசைகளோடு ஒரு திருப்புத்திறனும் என்ற பாகுபாடு பொறியியலின் சொந்தச் சரக்கு. ஒரே புள்ளியில் இல்லாமல் நீளம் முழுதும் அழுத்தும் பரவிய சுமையும் இங்கே கிடையாது. மேலும் பள்ளிக் கணக்குகளில் எந்த விசைகள் செயல்படுகின்றன என்பது பெரும்பாலும் கேள்வியிலேயே தெரிந்துவிடும்; கண்டுபிடிக்க மிச்சம் இருப்பது எண் மட்டும்தான். ஆகவே இதில் இரண்டு வாரம் போதும். அதற்கு மேல் தங்கினால் தெரிந்ததையே திரும்பச் செய்துகொண்டிருப்போம்.

தொழிற்பிரிவில் படித்து வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். இயற்பியல் படிக்காமலே வந்திருப்பதால் அவர்கள் இந்தப் புத்தகத்துக்கு நான்கு வாரம் கொடுக்கட்டும், தவறில்லை.

கைடும் டியூஷனும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (ரெகுலேஷன்) இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் ஐந்து அலகுகள் கொண்டது: துகள்களின் நிலையியல், திண்மப் பொருள்களின் சமநிலை, பரவிய விசைகள், உராய்வு, துகள்களின் இயக்கவியல். ஐந்தில் நான்கு நிலையியல்தான். வினாத்தாளில் 2 மதிப்பெண் வினாக்கள் பத்து, 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று. கைடுகள் இந்த அச்சில் வார்க்கப்பட்டவை. எந்த மாதிரிக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது என்று அவை காட்டிக்கொடுக்கும். அரியர் எழுதுபவருக்குத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் அது பெரிய உதவி.

அடித்தளம் போட மட்டும் கைடு சரிவராது. தீர்வு கேள்விக்கு அடியிலேயே அச்சாகியிருக்கும். கண் தானாகக் கீழே இறங்கிவிடும், படம் வரையும் கட்டமே நடக்காது. டியூஷனிலும் ஆசிரியர் போர்டில் போட, மாணவர்கள் காப்பி எடுப்பதோடு முடிந்துவிட்டால் இதே கதைதான். நோட்டை வாங்கிப் பார்த்து, "இந்த விசை எங்கிருந்து வந்தது? இதைக் கொடுக்கும் பொருள் எது?" என்று கேட்கும் ஆசிரியர் கிடைத்தால் கட்டணம் கொடுத்துச் சேரலாம், அது தகும். சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து இதை மட்டும் கவனியுங்கள். அப்படி ஒருவர் அமையாவிட்டால், மூன்றாம் ஆண்டு படிக்கும் ஊர் அண்ணனோ அக்காவோ வாரத்துக்கு ஒரு மணி நேரம் நோட்டைத் திருத்திக் கொடுத்தாலே போதும்.

தடித்த பாடநூல்

ஆங்கிலத்தில் வரும் பல்கலைக்கழகத் தரப் பாடநூல்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நிலையியல் புத்தகத்தில் ஆங்கிலம் குறைவு, படங்கள் அதிகம். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சிக் கணக்குகள் குவிந்து கிடக்கும். கேள்வியில் ஒரு கிரேன், ஒரு பிராக்கெட், ஒரு தூக்குக் கம்பி என்று பொருளின் படம் மட்டும் இருக்கும். விசை எதுவும் வரைந்திருக்காது. விடை கடைசிப் பக்கங்களில் எண்ணாக மட்டும் இருக்கும், தீர்வு இருக்காது. இந்த இரண்டு பண்புகளும் சேர்ந்திருப்பதால்தான் அடித்தளம் போட இதற்கு இணையாக வேறொன்று இல்லை என்கிறோம்.

மாணவர்கள் இதில் சறுக்கும் இடம் இரண்டாவது அத்தியாயம். பல புத்தகங்கள் அங்கேயே முப்பரிமாண வெக்டருக்குப் போய்விடும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் ஏராளம். முதல் சுற்றில் முப்பரிமாணப் பகுதிகளை முழுக்கத் தாண்டிவிடுங்கள். இருபரிமாணத் துகள் சமநிலை, திருப்புத்திறன், இருபரிமாணத் திண்மப் பொருள் சமநிலை, உராய்வு, சென்ட்ராய்டு (வடிவத்தின் மையப்புள்ளி) என்று இந்த வரிசையில் போங்கள். வெக்டர் பெருக்கலை வைத்துத் திருப்புத்திறன் கண்டுபிடிப்பதெல்லாம் இரண்டாவது சுற்றுக்கு. தளத்தில் அடங்கும் கணக்குக்கு "விசை பெருக்கல் செங்குத்துத் தூரம்" போதும், கை வேகமாகவும் ஓடும்.

புத்தகம் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. கல்லூரி நூலகத்தில் இருக்கும், சீனியர்களிடம் பழைய பதிப்பு கிடைக்கும். நிலையியல் பகுதி பதிப்புக்குப் பதிப்பு பெரிதாக மாறுவதில்லை. பவுண்டு, அடி அலகுகளில் இருக்கும் கணக்குகளை மட்டும் விட்டுவிடுங்கள். ஆங்கிலம் ஆரம்பத்தில் தடுத்தால், ஏ.ஐ.சி.டி.இ.யின் இ-கும்ப் தளத்தில் தமிழ்ப் பொறியியல் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, விளக்கத்தை அங்கே படித்துக்கொள்ளலாம். கணக்கை மட்டும் ஆங்கிலப் புத்தகத்திலிருந்தே எடுங்கள், தேர்வு அந்த மொழியில்தான் வரப்போகிறது.

என்.பி.டி.இ.எல். வீடியோக்கள்

ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகக் கிடைப்பது சிறிய விஷயமல்ல. அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப் பகுதிகளில் சிக்னல் நிற்காத ஊர்க்காரர்கள் நகரத்துக்கு வரும்போது டவுன்லோட் செய்துகொள்ளலாம். ஒரு கருத்து எத்தனை முறை படித்தும் விளங்கவில்லை என்றால் அந்தத் துண்டை மட்டும் பார்ப்பதற்கு வீடியோவைப் போல உதவுவது வேறில்லை.

இதையே முதல் வழியாக வைத்துக்கொண்டால் பத்து வகுப்புகள் பார்த்த பிறகும் ஒரு கணக்கைக்கூடத் தனியே போட முடியாமல் போகும். அடுத்தவர் படம் வரைவதைப் பார்க்கும்போது ஒவ்வொரு கோடும் நியாயமாகவே தெரியும். அது நமக்குத் தோன்றியிருக்குமா என்பதை வீடியோ சோதிக்காது. ஆகவே கணக்கு திரையில் வந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் நோட்டில் முயன்று, பிறகே ஓடவிடுங்கள். அடித்தளத்துக்காகப் படிப்பவர் சான்றிதழ்த் தேர்வுக்குக் காசு கட்ட வேண்டிய அவசியமில்லை.

வீட்டுச் சோதனை

இதற்கு இரண்டு மாலைப் பொழுதுகள் போதும், செய்யாமல் விடவேண்டாம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இரண்டு, நூல், 2 லிட்டர் தண்ணீர் பாட்டில், கோணமானி. பாட்டிலை இரண்டு தராசுகளில் சாய்வாகத் தொங்கவிட்டு, நூல்கள் கிடைமட்டத்தோடு 30 டிகிரிக்கு வரும்படி விரித்தால் இரண்டு தராசுமே ஏறக்குறைய 2 கிலோ காட்டும். மேலே கிரானைட் கணக்கில் பார்த்தது கைக்கே தெரியும். அடுத்து, இரண்டு சமையலறைத் தராசுகளின் மேல் ஒரு பலகையை 100 சென்டிமீட்டர் இடைவெளியில் தாங்கவைத்து, இரண்டையும் சுழிக்குக் கொண்டுவந்து, இடது தாங்கலிலிருந்து 30 சென்டிமீட்டரில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வையுங்கள். இடதில் 700 கிராம், வலதில் 300 கிராம். பீமின் எதிர்விசைக் கணக்கு முழுதும் இதுதான்.

எப்போது படிப்பது

2017 ஒழுங்குமுறையில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் இரண்டாம் செமஸ்டரில் இருந்தது. 2021 ஒழுங்குமுறையில் சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் மூன்றாம் செமஸ்டருக்குப் போனது. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பிறகு வரும் ஒழுங்குமுறைகளிலும் வரிசை மாறலாம், உங்கள் சேர்க்கை ஆண்டின் பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் செமஸ்டர் என்றால், பதினொன்றாம் வகுப்பில் விசைப்படம் படித்ததற்கும் இதற்கும் நடுவில் இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி விழுகிறது.

பிளஸ் டூ முடித்த கோடையிலேயே எல்லாவற்றையும் படித்துவிடலாமா? உற்சாகம் அப்போதுதான் அதிகம் இருக்கும். ஆனால் முழு ஓராண்டு பயன்படுத்தாமல் கிடந்தால் கை மறந்துவிடும். எங்கள் கணிப்பில் பாடநூலின் இரண்டு வாரத்தையும் வீட்டுச் சோதனையையும் முதலாண்டுக்கு முன் முடிப்பதும், தடித்த புத்தகத்தை இரண்டாம் செமஸ்டர் முடிந்த விடுமுறையில் எடுப்பதும் நல்லது. மூன்றாம் செமஸ்டர் வகுப்பு தொடங்கும்போது கை சூடாக இருக்கும்.

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வருபவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் நேராக மூன்றாம் செமஸ்டரில்தான் நுழைகிறார்கள், முதல் வாரமே இந்தப் பாடம் காத்திருக்கும். பாலிடெக்னிக்கில் லாமி தேற்றமும் திருப்புத்திறனும் பார்த்திருப்பார்கள் என்பதால் பள்ளிப் பாடநூலைத் தாண்டிவிட்டு, முக்கோணவியலுக்கு மூன்று நாள் ஒதுக்கி, தடித்த புத்தகத்தில் இறங்குவதே சரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

எத்தனை கணக்கு, எப்படி

தடித்த புத்தகத்துக்கு ஆறு வாரம், நாற்பது கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். துகள் சமநிலையில் 10, சப்போர்ட் உள்ள திண்மப் பொருள்களில் 12, பரவிய சுமையிலும் சென்ட்ராய்டிலும் 8, உராய்வில் 10. நோட்டின் இடது பக்கம் படத்துக்கு மட்டும், வலது பக்கம் சமன்பாட்டுக்கு. படம் முடியும்வரை வலது பக்கத்தில் பேனா படக்கூடாது. விடை வந்ததும், கணக்கில் பயன்படுத்தாத வேறொரு புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்துப் பாருங்கள். சுழி வர வேண்டும். வராவிட்டால் கடைசிப் பக்கத்து விடையைப் பார்க்காமலே பிழை இருப்பது தெரிந்துவிடும்.

கால்குலேட்டரை எடுத்ததும் சைன் 30 அழுத்துங்கள். 0.5 வராமல் −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது. கிலோகிராமை விசையாக எழுதுவதும், மூன்றுக்கு மேற்பட்ட விசைகளுக்கும் ஒரு புள்ளியில் சந்திக்காத விசைகளுக்கும் லாமி தேற்றத்தைப் போடுவதும் அடிக்கடி வரும் பிழைகள்.

உராய்வுப் பிழையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 5 மீட்டர் ஏணி, தரையோடு 60 டிகிரி, ஏணியின் எடை 200 நியூட்டன், சுவர் வழுவழுப்பானது. 700 நியூட்டன் எடையுள்ளவர் ஏணி வழியே 4 மீட்டர் ஏறி நிற்கிறார். அடிப்புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால், ஏணியின் எடைக்கு 200 பெருக்கல் 1.25, ஆளுக்கு 700 பெருக்கல் 2, மொத்தம் 1,650 நியூட்டன் மீட்டர். சுவரின் விசை செயல்படும் உயரம் 4.33 மீட்டர், ஆக சுவர் தள்ளுவது 381 நியூட்டன். கிடைமட்டத்தில் அதை ஈடுகட்ட தரையின் உராய்வும் 381தான். தரையின் செங்குத்து விசை 900. உராய்வுக் குணகம் 0.5 என்று கொடுத்திருந்தால், பலர் கண்ணை மூடிக்கொண்டு உராய்வு 450 என்று எழுதுவார்கள். 450 என்பது தரை கொடுக்கக்கூடிய உச்சம். தேவைப்படுவது 381, ஆகவே தரை கொடுப்பதும் 381. அவர் உச்சிப்படி வரை ஏறினால் தேவை 462 ஆகிவிடும், அது உச்சத்தைத் தாண்டுவதால் ஏணி வழுக்கும். பொருள் வழுக்கப்போகும் விளிம்பில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டுமே குணகத்தையும் செங்குத்து விசையையும் பெருக்கி எழுதலாம்.

ஆறு வாரம் முடிந்ததும் ஒரு மணி நேரம் வைத்து மூன்று கணக்கு போடுங்கள். முதலாவது, சமமற்ற கோணங்களில் இரண்டு கயிறுகளில் தொங்கும் சுமை. இரண்டாவது, 0.6 மீட்டர் துருத்தி நிற்கும், 75 மில்லிமீட்டர் தடிமனுள்ள சன்ஷேடு. கான்கிரீட்டைக் கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்று எடுத்தால் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுவர் தர வேண்டியது 1.125 கிலோநியூட்டன் மேல்நோக்கி, கூடவே 0.34 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறன். மூன்றாவது, மேலே சொன்ன ஏணியில் குணகத்தை 0.4 ஆக்கி, ஆள் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பது. முதலாவது தப்பினால் பள்ளிப் பாடநூலின் வெக்டர் பகுதிக்குத் திரும்புங்கள். இரண்டாவதில் திருப்புத்திறனை விட்டிருந்தால் சப்போர்ட் வகைகளில் இன்னும் ஆறு கணக்கு போடுங்கள். மூன்றாவதுக்கு விடை சுமார் 3.74 மீட்டர், அது வரவில்லை என்றால் உராய்வு அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்கள். மூன்றும் வந்தவர்கள் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தைத் திறக்கலாம்.